சிவப்புக் காரும் சாம்பல் வேனும்

கோபிப் பாலைவனத்தில் கால்நடை வைத்தியம் பார்த்த சோத்னம், வசந்தம் முடியும்போது ஒரு தீர்மானத்துக்கு வந்தார். இனி எந்த ஒட்டகமும் அவருக்காகக் காத்திருந்து சாகக்கூடாது. அவருடைய மோட்டார் சைக்கிள் போய்ச் சேருவதற்குள் ஒரு தாய் ஒட்டகம் கண்ணை மூடியிருந்தது. குட்டி அதன் மடியை முட்டிக்கொண்டே இருந்ததை அவரால் மறக்க முடியவில்லை.

வேகமான கார் வேண்டும். சிவப்பு நிறத்தில், தரையோடு தரையாகப் படுத்தாற்போல் ஒன்று, சந்தையில் விலைக்கு நின்றது. அதை நினைத்தாலே பால் தேநீர் கையில் ஆறிப்போகும்.

"அதுக்கு வயிறு தரைய உரசுதுங்க" என்றாள் மனைவி நர்மந்தாக். "பாதையெல்லாம் கல்லு. பக்கத்துவீட்டு புரேவ் கொண்டுவந்து நிறுத்தியிருக்காரே, அந்த மாதிரி சாம்பல் வேன் போதும்."

"அது வேனா? ரொட்டிக்குச் சக்கரம் மாட்டின மாதிரி இருக்கு. மெதுவா போனா வைத்தியம் பாக்க முடியாது, துக்கம்தான் விசாரிக்கலாம்."

"சரி, பந்தயம். எங்கப்பா கூடாரத்துக்கு யார் முதல்ல போறாங்களோ, அவங்க சொல்ற வண்டி."

சோத்னம் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கச் சிவப்புக் காரை வாங்கி வந்தார். புரேவிடம் ஒரு பாட்டில் வோட்காவை நீட்டினார். "அவளுக்கு ஓட்டத் தெரியாது, வேனை நீதான் ஓட்டுற. ஆமை மாதிரி போகணும்."

"ஆமையே முந்திப் போயிடும், பாருங்க" என்ற புரேவ், காதருகே குனிந்தார். "வறண்ட ஆத்துவழியா போங்க. பாதி தூரம் மிச்சமாகும்."

கார் கிளம்பியதும் சோத்னத்துக்கு உடம்பே இல்லாமல் போயிற்று. புல்வெளி நீராய் ஓடியது. மேக நிழல்கள் பின்தங்கின. மான் கூட்டமொன்று கூடவே பறந்து, பொன்தூசியில் கரைந்தது. எங்கோ கண் திறக்கும் ஒட்டகக் குட்டிகளெல்லாம் அவரையே பார்ப்பதுபோல் இருந்தது. ஆற்றுக்குள் இறங்கினார்.

அடியில் 'டங்' என்றது. எஞ்சின் எண்ணெய் முழுவதும் மணலில் வடிந்தது.

கல்லில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொட்டி ஆடி அசைந்து வந்து நின்றது. ஓட்டி வந்தவள் நர்மந்தாக். பக்கத்து இருக்கையில் புரேவ் வோட்காவை மடியில் வைத்திருந்தார்.

"நீ எப்போ வண்டி ஓட்டக் கத்துக்கிட்ட?"

"வேன் வாங்கினதும். நம்ம ஆட்டோட காஷ்மீர் ரோமம் வித்த காசுல, போன வாரம். புரேவ் வீட்டுல நிறுத்திவச்சிருந்தேன்."

சோத்னம் புரேவைப் பார்த்தார். "ஆத்து வழி?"

"அண்ணிதான் சொல்லச் சொன்னாங்க" என்றார் புரேவ், பாட்டிலைப் பார்த்தபடி.

"இனி ஒட்டகத்துக்கு நேரத்துக்குப் போயிடலாம். நானே கூட்டிட்டுப் போறேன்" என்று வேனிலிருந்த கயிற்றை எடுத்துக் காரில் கட்டினாள் நர்மந்தாக். பிறகு அவருக்குக் காரின் கதவைத் திறந்துவிட்டாள்.

"உள்ள உக்காந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்குங்க. நான் இழுத்துட்டுப் போறப்ப, நீங்கதான் ஓட்டுற மாதிரி இருக்கும்."