நாலு சர்வரும் ஒரு சிரஞ்சீவியும்

உங்கள் வீட்டுக் கடிகாரம் யார் பேச்சைக் கேட்டு ஓடுகிறது, என்றைக்காவது யோசித்ததுண்டா? வடமாலபேட்டை கோவர்த்தனன் யோசித்தான். ஸ்ரீ சிட்டி கம்பெனி பஸ்ஸை இன்னொரு தரம் விட்டால் நைட் ஷிப்ட்தான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பகலில் தூங்கலாம் என்றால், வீட்டில் பல் முளைக்கிற கைக்குழந்தை.

குற்றவாளி சுவர்க் கடிகாரம். அவன் மனைவி பத்மினி அதை முன்னால் தள்ளியே வைப்பாள். அந்தத் தைரியத்தில் இவன் இன்னொரு டம்ளர் டீ குடிப்பான். பஸ் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் பரணுக்குப் போனது. லினக்ஸ் கம்ப்யூட்டர் மேஜை ஏறியது. திரை நிறைய மணி, நொடி பிசகக்கூடாது. அதற்கு எந்த மென்பொருள்? கம்ப்யூட்டரோடு கூடவே வந்தது, இணையத்தில் நேரம் சொல்கிற ஒரே ஒரு சர்வரை மட்டும் நம்பும். க்ரோனி என்பதோ நாலு சர்வரைக் கேட்கும், பொய் சொல்கிற சர்வரை ஒதுக்கும், கரண்ட் போய் வந்தாலும் சட்டென்று நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். வடமாலபேட்டை கரண்ட்டை நினைத்துப் பார்த்தான். க்ரோனி ஜெயித்தது.

குழந்தைக்குப் பப்பு சோறு ஊட்டிக்கொண்டே பத்மினி கேள்வி மேல் கேள்வி கேட்டாள். மணி தப்பிப்போனால் குதித்துச் சரிபண்ணுமா? இல்லை, யாருக்கும் தெரியாமல் துளித்துளியாக நகர்த்தும் என்றான். புருஷனை நகர்த்துகிற மாதிரியா என்றாள்.

"இன்னாங்க, அந்த நாலு பேரும் எங்க கீறாங்க?"

"உலகம் பூரா."

"நம்ம பஸ்ல யாராச்சும் வராங்களா?"

அணுக்கடிகாரம் சொல்கிற நேரம் இது, உனக்குப் புரியாது என்று சிரித்தான்.

மறுநாள் திரையைப் பார்த்து, முந்தாமல் பிந்தாமல் ரோட்டுக்குப் போனான். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பால் வாங்கப் போன பத்மினி, குழந்தையோடு அதை மறித்துக்கொண்டு நின்றாள். டிரைவர் சிரஞ்சீவி ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார்.

டைமுக்கு முன்னாடியே எடுக்கலாமா என்று சண்டைக்குப் போனான் கோவர்த்தனன். சிரஞ்சீவி கையை நீட்டினார். "என் வாட்ச்ல டைம் தாண்டிப்போச்சுப்பா. பஸ் இதைப் பாத்துத்தான் போவும்."

"அந்த வாட்சைப் பாத்துத்தான் நானு சுவர்க் கடிகாரத்தைத் திருப்பிக்கினு இருந்தேன்," என்றாள் பத்மினி, டிரைவர் ஜன்னலுக்குக் கீழே இருந்து. "நீ எப்பக் காது குடுத்த?"

சாயங்காலம் வந்ததும் அவன் க்ரோனியின் செட்டிங்ஸ் கோப்பைத் திறந்தான். சர்வர்கள் சொல்கிற நேரத்தை எவ்வளவு தள்ளிவைப்பது என்று எழுத அதில் வழி இருந்தது. கர்சர் மினுக்கிக்கொண்டு நின்றது. பிறகு சமையலறைப் பக்கம் தலையை நீட்டினான்.

"பத்மினி, சிரஞ்சீவி அண்ணன் வாட்ச் எத்தினி செகண்டு முன்னாடி ஓடுது? கொஞ்சம் வந்து சொல்லிட்டுப் போம்மா."