டப்பா நைனாவும் என் நாலு கோழிகளும்

வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பொய் சொல்லாத மனிதர் என்று எனக்குத் தெரிந்து ஒருவர்தான் உண்டு. டப்பா நைனா. மனிதர்களிடம் தாராளமாகச் சொல்வார், அது வேறு விஷயம். கோழிகளிடம் சொன்னதே இல்லை.

திருநின்றவூரில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது தெருவில் மொத்தம் ஐந்தே வீடு. மீதியெல்லாம் காலி மனையும் முள்ளுப் புதரும்தான். எதிர்வீட்டில் நைனா இருந்தார். ஆவடிப் பக்கம் ஒரு பாக்டரியில் ஷிப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்துவிட்டது. சாயங்காலம் ஐந்தரை ஆனால் பழைய பால்பவுடர் டப்பாவில் கம்பு தானியத்தைப் போட்டு ஆட்டி, "பா... பா... பா..." என்பார். ஏரிக்கரை வரைக்கும் மேயப்போன ஒன்பது கோழியும் ஓடிவந்து அவர் காலடியில் நிற்கும்.

"பாக்டரில சங்கு ஊதுனா ஊரே வந்துச்சு. ஒம்போது கோழி வராதா?" என்பார்.

ஒரு ஆடி மாதம், கூழ் ஊற்ற வசூல் பண்ணுகிறவர்கள் தகர உண்டியலைக் குலுக்கிக்கொண்டு தெருவுக்குள் வந்தார்கள். ஒன்பது கோழியும் அவர்கள் பின்னாலேயே அம்மன் கோயில் வரைக்கும் போய்விட்டன. நைனா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். வேடிக்கை பார்க்க நானும் ஓடினேன்.

"ஓட்டிகினு போ நைனா, கால்ல மாட்டுது" என்றார் உண்டியல் வைத்திருந்தவர்.

"நீதான கூப்ட்ட? ஊட்லேர்ந்து கூப்ட்டுகினு வந்துட்டு வெறும் வயித்தோட அனுப்புனா நல்லாவா கீது?"

வசூலான அரிசியில் ஒரு கைப்பிடி வாங்கிப் போட்ட பிறகுதான் கோழிகளோடு திரும்பினார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கெல்லாம் சேர்த்து வைத்து அனுபவித்தேன், அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஏனென்றால், அடுத்த மாதமே நானும் ஐந்து நாட்டுக்கோழி வாங்கினேன். கோழி வளர்ப்பு பற்றி ஆபீசில் எல்லாருக்கும் வகுப்பெடுத்தேன். கோழிகளுக்கு மட்டும் நான் சொன்னது எதுவும் புரியவில்லை. இருட்டினாலும் புதரை விட்டு வராது. முதல் வாரமே ஒன்றைக் கீரி தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மிச்சமிருந்த நாலில் கருப்பி என்ற கோழி என்றால் என் மனைவிக்கு உயிர். துணி காயப்போடப் போனால் அதுவும் கூடவே போகும். கோழி தொலைந்த அன்றைக்கு அவள் சொல்லிவிட்டாள். "இன்னொண்ணு போச்சுன்னா மிச்சம் மூணையும் பாரிவாக்கத்துல எங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடுவேன். அங்கயாவது உசுரோட இருக்கட்டும். உங்களுக்கு ஒரு கோழியக் கூப்பிடத் தெரியல."

வேறு வழியில்லாமல் நைனாவிடம் போய் நின்றேன். என்னைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன்.

"இன்னா சாரு, பாங்க்லேர்ந்து போன் பண்ற மாதிரி கீது. கோழி ரெடியாத்தான் கீது. நீதான் ரெடியில்ல."

மூன்று வாரம் எனக்குப் பயிற்சி. தினமும் அதே நேரம், அதே டப்பா, அதே குரல். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம்: "கூப்ட்டா குடுக்கணும். குடுக்க இல்லன்னா கூப்டாத."

நாலாவது வாரம் நாலும் வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர்களை வரவழைத்தேன். அவர்கள் வந்த நேரம் கம்பு தீர்ந்திருந்தது. வித்தையை நிறுத்த முடியுமா? கட்டட வேலையில் மிஞ்சிய பொடி ஜல்லியை டப்பாவில் போட்டு ஆட்டினேன். கோழிகள் ஓடிவந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். வீடியோ சரியாக விழவில்லை என்றார்கள், மறுபடி ஆட்டினேன். அப்படி ஐந்து தடவை.

மறுநாளிலிருந்து ஒன்றுகூட என் குரலுக்கு வரவில்லை. நல்ல கம்பைப் போட்டு ஆட்டியும் திரும்பிப் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்ததும் புதர் புதராகப் போய், ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடித்தேன். விஷயம் தெரிந்து நைனா கேட்டது ஒரே கேள்வி. "ஜல்லியா போட்ட?" அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் மத்தியானத்துக்குள் ஏரி நிரம்பி, சாயங்காலம் காலி மனையில் முழங்கால் தண்ணீர். என் நாலு கோழியும் நடுவில் இருந்த செங்கல் குவியல்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தன. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. நான் கம்பு டப்பாவை ஆட்டித் தொண்டை கிழியக் கத்தினேன். கிட்டே போனால் ஆழமான பக்கமாகச் சிறகடித்தன. தேர்தலுக்குத் தேர்தல் வருகிற வேட்பாளரை நாம் ஒரு பார்வை பார்ப்போமே, கருப்பி என்னை அப்படிப் பார்த்தது. வாசலில் என் மனைவி துண்டுகளை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்போது முட்டிவலிக் காலோடு, குடையைப் பிடித்துக்கொண்டு நைனா தண்ணீரில் இறங்கி வந்தார்.

"நைனா, ஒரே ஒரு தடவை நீங்க கூப்பிடுங்க. தப்புதான்" என்றேன். அழுகை வந்துவிட்டது. மழையில் தெரிந்திருக்காது.

"நான் கூப்ட்டா வரும். வந்து என் ஊட்டுக்குத்தான் போவும். நாளைக்கு நீ இன்னா பண்ணுவ? நீயே கூப்டு. மொதல்ல குடு, அப்பால கூப்டு."

குரலே எழுப்பாமல், உள்ளங்கையில் கம்பை வைத்துச் செங்கல் ஓரமாக நீட்டினேன். நைனா பக்கத்தில் நின்று குடை பிடித்தார். எனக்கு இல்லை, கம்பு டப்பாவுக்கு. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது, கை மரத்துப்போனது. கடைசியில் கருப்பி ஒரு அடி வைத்து என் கையைக் கொத்தியது.

"இப்போ கூவு" என்றார் நைனா.

"பா..." என்றேன். பாதி காற்றுதான் வந்தது. மற்ற மூன்றும் வந்தன.

ஆளுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு கரையேறினோம். என் மனைவி முதலில் கோழிகளைத் துவட்டினாள், பிறகு நைனாவுக்குத் துண்டு கொடுத்தாள், மிச்சமிருந்த ஈரத் துண்டு எனக்கு. பாரிவாக்கம் பேச்சு அதோடு நின்றது.

முட்டிவலி அதிகமாகி நைனா இப்போது அம்பத்தூரில் மகனுடைய பிளாட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறார். அவருடைய கோழிகளும் அந்த டப்பாவும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. எப்போதாவது போன் பண்ணி வரச் சொல்வேன். "குடுக்க இன்னா கீது?" என்பதுதான் முதல் கேள்வி. முட்டைக் குழம்பு என்றால் ரயிலேறிவிடுவார்.

போன வாரம் கோழிகள் இறகு உதிர்க்கிற சமயம், ஒரு முட்டை இல்லை. ஆனாலும் ஐந்தரைக்கு டப்பாவை ஆட்டியபோது என்னவோ போல இருந்தது. போன் போட்டேன்.

"குடுக்க ஒண்ணும் இல்ல நைனா. உங்கள பாக்கணும் போல இருக்கு, அதான் கூப்பிட்டேன்."

சட்டத்தை மீறிவிட்டேன், திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். போனை வைத்துவிட்டார்.

அடுத்த ரயிலிலேயே வந்துவிட்டார்.