சகலை வீட்டு கிராப் ஆப்பிள்

எடிசன், நியூ ஜெர்சி
8 ஜூலை 2007

மரியாதைக்குரிய சகலை கோபாலசாமி அவர்களுக்கு, அடுத்த வீட்டிலிருந்து திருமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கு நானும் வள்ளியும் நலம். அங்கு தாங்களும் கலாவதி அக்காவும் நலம் என்பது எங்கள் சமையலறை ஜன்னல் வழியே தெரிகிறது. நாற்பதடி தூரத்துக்குத் தபால்தலை ஒட்டுவது அதிகப்படிதான். ஆனால் ஒன்பது மாதமாகப் பேசாதவரின் அழைப்புமணியை அழுத்த எனக்குத் தைரியம் இல்லை.

நாம் அடுத்தடுத்து வீடு வாங்கிய புதிதில் நான் நூலகத்தில் எதையோ படித்துவிட்டு வந்து, மேலே ஆப்பிள், நடுவில் பழப்புதர், தரையில் புதினா என்று கொல்லையில் காட்டுத்தோட்டம் போட்டது தாங்கள் அறிந்ததே. புதர்களை மான் தின்றது, புதினா மட்டும் காடானது, களை மண்டிக் கிடப்பதாக டவுன்ஷிப் ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஆனாலும் ஒரே ரகத்தில் வாங்கிய இரண்டு ஆப்பிள் மரங்களும் போன வருடம் பதினான்கு பழம் கொடுத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மிதப்பில்தான் தங்கள் வேலியோரத்து கிராப் ஆப்பிள் மரம் என் கண்ணை உறுத்தியது. அதன் சுண்டைக்காய் அளவுப் பழங்கள் என் புதுக் காரில் விழ, அவற்றைத் தின்ன வந்த பறவைகள் மிச்ச வேலையைப் பார்க்க, நான் வேலியருகே வந்து, "சகலை, மரத்தை வெட்டறீங்களா, இல்ல டவுன்ஷிப்ல கம்ப்ளெயின்ட் பண்ணட்டுங்களா?" என்றேன்.

"கலாவதி ஊறுகாய் போடற மரமுங்க" என்று மட்டும் சொன்னீர்கள்.

அந்த ஊறுகாயை மூன்று பாட்டில் தின்ற நாக்காலேயே, "அதுக்குத்தான் இண்டியன் ஸ்டோர் இருக்குதுங்களே" என்றேன். அடுத்த சனிக்கிழமை ரம்பத்தோடு ஆள் வந்துவிட்டது. அக்கா கைகட்டி அடிக்கட்டையைப் பார்த்து நின்றதை நான் ஜன்னல் வழியே பார்த்தபடி காபி குடித்தேன். அதை நினைத்தால் இப்போது தூக்கம் வருவதில்லை.

இந்த வருடம் இரண்டு மரமும் வெள்ளைவெளேரென்று பூத்தன. கோயமுத்தூர் வரை போட்டோ அனுப்பினேன். ஜூன் வந்தும் ஒரு பிஞ்சு இல்லை. கன்று வாங்கிய நர்சரிக்குப் போய்ச் சண்டை போட்டேன். அங்கிருந்த அம்மையார் நிதானமாக, ஒரே ரக மரங்கள் தமக்குள் காய் பிடிக்காது, வேறு ரகத்து மகரந்தம் வேண்டும், பக்கத்தில் ஒரு கிராப் ஆப்பிள் இருந்தாலே போதும், இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது என்றேன்.

வீட்டுக்கு வந்தால் வள்ளி கராஜில் ஒளிந்துகொண்டு அக்காவிடம் போன் பேசிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"போன வருசம் காய் குடுத்தது அவங்க மரமுங்க. அதுக்கு நீங்க குடுத்தது ரம்பம்" என்றாள்.

சகலை, நான் பேசியது தப்பு. என்னை மன்னித்துவிடுங்கள். புதிதாக ஒரு கிராப் ஆப்பிள் கன்று வாங்கி வைத்திருக்கிறேன். எங்கே நடலாம் என்று அக்கா சொல்லட்டும்.

அக்காவின் முழங்கால் வலி குறையவும், தங்கள் கிரீன் கார்டு தடையின்றி வரவும் மருதமலை முருகனை வேண்டிக்கொண்டு,

தங்கள்
திருமூர்த்தி

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் நர்சரி அம்மையார் போன் செய்தார். பூத்த வாரத்தில் ஒரு நாள் விடியலில் விழுந்த உறைபனியில் பூவின் நடுப்பகுதி கருகி, இந்தப் பக்கத்தில் பல தோட்டங்களில் காயே இல்லையாம். ஆகவே மேலே நான் எழுதிய காரணம் தவறாக இருக்கலாம். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "அப்ப உங்க மன்னிப்பும் பனியில கருகிப் போச்சுங்களா?" என்று வள்ளி கேட்டாள். கிழிக்காமல் அப்படியே அனுப்புகிறேன்.