டிரம் உதிர்ந்த மேஜர்

கண்டி மாவட்டத்திலேயே குடை பிடிக்கத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் மேஜர்தான். மழை பெய்தாலும் விரிக்கமாட்டார். நெஞ்சுக்கு நேரே நிமிர்த்திப் பிடித்து, சந்தி வந்ததும் ஒரு சுழற்றுச் சுழற்றி, சதுரமாகத் திரும்புவார். முச்சக்கர வண்டிக்காரர்கள் சிக்னல் விளக்கைவிட அவரை நம்பினார்கள். இப்போது மழை வந்தால் எல்லோரும் குடையை விரிக்கிறார்கள். பார்க்கவே சகிக்கவில்லை.

நாங்கள் இருவரும் கண்டியில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்தோம். அவர் பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பாடசாலை பாண்ட் குழுவுக்கு முன்னால் கோல் சுழற்றிக்கொண்டு போகும் டிரம் மேஜராக இருந்தவர்.

"மேளம் அடிச்சா தாளம் தப்புதுன்னு மாஸ்டர் என்னைய முன்னால தள்ளிவிட்டுட்டாரு தம்பி. முன்னால போறவனுக்குத் தாளம் தேவையில்லயாம்" என்பார்.

நாளடைவில் டிரம் உதிர்ந்தது, மேஜர் ஒட்டிக்கொண்டது. மனைவியே அப்படித்தான் கூப்பிட்டார். கந்தோர்த் தொலைபேசியில் யாரோ அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று சொல்லி நானே ரிசீவரை வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற கையோடு பிரதேச சபைத் தேர்தலில் நின்றார். தோட்டத்துப் பாதைக்குக் கொங்கிறீற் போடவேண்டும். அவருக்கு இருந்த கொள்கை அவ்வளவுதான். சுவரொட்டி வந்தது. பெயருக்கு மேலே தமிழிலும் சிங்களத்திலும் 'ஓய்வுபெற்ற மேஜர்' என்று இருந்தது. அச்சகத்தைக் குறை சொல்ல முடியாது. அவர் ஓய்வுபெற்றவர், ஊர் அவரை மேஜர் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓர் இராணுவ அதிகாரி பிறந்துவிடுகிறார்.

மேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். கட்சி அமைப்பாளர் சிரிக்கவில்லை.

"அப்படியே இருக்கட்டும் அண்ணே. சிங்களச் சனமும் வாக்குப் போடும்."

மேஜரும் விட்டுவிட்டார். கடைகளில் சல்யூட் கிடைத்தது. எழுந்து கதிரை கொடுத்தார்கள். ஒரு கூட்டத்தில் பேசியவர் அவரைப் போர்முனைக்கு அனுப்பினார். அடுத்த கூட்டத்தில் அவர் காலில் குண்டு பட்டிருந்தது. அது மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்த கால். மேடையில் இருந்த மேஜர் அதைக் கொஞ்சம் நீட்டியே வைத்திருந்தார்.

ஒரு பகலில் எங்கள் தேர்தல் அலுவலகத்துக்கு ஹுன்னஸ்கிரியவிலிருந்து ஒரு சிங்கள அம்மா பஸ் ஏறி வந்தார். பட்டாளத்துக்குப் போன மகன் திரும்பி வரவில்லையாம். பொலித்தீனில் சுற்றிய படத்தை நீட்டி, சிங்களத்தில் கேட்டார்:

"மாத்தயா பெரிய இடத்துல இருந்தவர்தானே. என்ட மகனக் கண்டிருக்கீங்களா?"

மேஜர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற அமைப்பாளர், ஆமென்று சொல்லும்படி தலையை ஆட்டிக் காட்டினார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது, சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று எனக்கும் தோன்றியது.

மேஜர் எழுந்து நின்றார். "இல்லம்மா. நான் பட்டாளத்துல இருந்ததே இல்ல. ஸ்கூல் பாண்டுல கோல் சுத்தினவன்."

"அப்ப சுவத்துல ஒட்டியிருக்கே?"

"அது பொய்ம்மா."

அந்த அம்மா படத்தைப் பழையபடி சுற்றினார். "கேட்ட எல்லாரும் கண்டேன்னுதான் சொன்னாங்க. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஊர் சொன்னாங்க" என்றார்.

மேஜர் அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்து, கறுப்புப் பெயின்ற் கேட்டார்.

"அச்சகத்துப் பிழைக்கு நீங்க என்னண்ணே செய்வீங்க?" என்றார் அமைப்பாளர்.

"வந்த அன்னைக்கு அது பிழை. தெரிஞ்சும் காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேனே, அது பிழையா?"

பட்டப்பகலில் நாங்கள் இருவரும் வாளியோடு கிளம்பினோம். 'ஓய்வுபெற்ற' என்பதை அழித்து, அதற்குச் சற்று மேலே 'பாண்ட் குழு' என்று எழுதிக்கொண்டே போனார். பாதி வழியில் அவருடைய கட்சிப் பையன்களே ஓடிவந்து அவருடைய சட்டையைப் பிடித்தார்கள்.

"எங்க மேஜர் போஸ்டர்ல கை வைக்கிறியா?"

முகமெல்லாம் பெயின்ற். அவர்களுக்கு ஆளைத் தெரியவில்லை.

"நான்தான்டா மேஜர்" என்றார்.

"பொய் சொல்றான்" என்றான் ஒருவன்.

தோற்றார். வென்றவர் தன்னைப் பற்றிச் சொன்னதை எல்லாம் யாரும் சரிபார்க்கவில்லை. முடிவு வந்த மறுநாள் மேஜர் என் வீட்டுக்கு வந்து ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். கொங்கிறீற் பாதையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கவலைப்பட்டார்.

போன வருடம் அவர் காலமானார். அந்தத் தேர்தலின்போது எனக்கு வாக்கு நாவலப்பிட்டியில். பன்விலவுக்கு நான் குடிவந்தது பிறகுதான். இப்போது வாக்கு இங்கேயே இருக்கிறது. அவருக்குப் போடலாமென்றால், அவர்தான் இல்லை.