பார்த்ததுமே மனசை அளப்பவர்

'மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிடும்' என்றொரு ரகம் மனிதரில் உண்டு. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? பெண் பார்க்கப் போனால் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே குடும்பத்தின் குணம் சொல்வார். வாடகைக்கு ஆள் வந்தால் இருமலைக் கேட்டே பூர்வீகம் சொல்வார். ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயைத் திறப்பதற்குள் நோயாளியைத் தேற்றி, பயமுறுத்தி, பாதி வழியனுப்பியும் வைத்துவிடுவார். எப்படி என்று கேட்டால், "அனுபவம்லா!" அவ்வளவுதான்.

கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வாய்த்தவர் மாடசாமி. தீப்பிடித்தாலும் மண் சரிந்தாலும் பொம்பா என்கிற தீயணைப்பு வண்டி மலையேறி வருவதற்குள் ஓடவேண்டிய தொண்டூழிய மீட்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஆளெடுப்பில் அவர் வைப்பது ஒரே பரீட்சை. தளும்பத் தளும்பத் தேநீர் ஊற்றிய கோப்பையைச் சாசரோடு நீட்டுவார். சிந்தாமல் வாங்கினால் மனத்திடம் உண்டு. சிந்தினால் போய் வரலாம். எங்கள் காலைக் குளிரில் யாருக்குத்தான் கை நடுங்காது? அந்த நியாயமெல்லாம் அவரிடம் செல்லாது.

இந்த முறை ஹரிதாஸ் சிந்தவில்லை. தேறிவிட்டான்! போன மழையில் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலையே இறங்கி வந்தபோதும் போர்வையை விலக்காமல் தூங்கிய புண்ணியவான். அவனுக்கு எதற்குக் கை நடுங்கப்போகிறது? பூவிழி சிந்திவிட்டாள். அதே மழையில், சேற்றில் புதைந்த லோரியிலிருந்து டிரைவரை இழுத்துப் போட்டவள் அவள். இந்தக் குழுவில் சேர வருஷக்கணக்காகத் தவம் கிடப்பவளும் அவள்தான்.

"அன்னிக்கு லோரிப் பக்கத்துல உக்காந்து ஓன்னு அழுதியே, அப்பவே நெனச்சேன். மனசு வீக்கு. ஒனக்கு இது ஒத்து வராதும்மா," என்றார் மாடசாமி.

"ஆள வெளிய எடுத்தப்புறம்தானே மாமா அழுதேன்?" என்றாள் பூவிழி.

நல்லவேளை, மேனேஜர் இந்த முறை நாதிராவையும் அழைத்து உட்காரவைத்திருந்தார். பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஜலாலின் மகள், மனநல ஆலோசகர்.

"அண்ணே, எல்லாருகிட்டயும் ஒரே கேள்விதான் கேக்கணும். ஆபத்துல என்ன செஞ்சாங்க, அப்புறம் யாருகிட்ட மனசு விட்டுப் பேசுனாங்கன்னு. அழுதது குத்தமில்ல, அழுத புள்ளயத் தனியா விட்டதுதான் குத்தம். சரி, மொதல்ல நீங்க இந்தக் கோப்பையப் புடிங்க," என்றாள்.

மாடசாமி பிடித்தார். கோப்பை சாசரில் தாளம் போட்டது. பாதித் தேநீர் அவர் கால்சட்டையில்.

"குளிருலா!" என்றார்.

அப்புறமென்ன? நாதிரா ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விகளைப் பொறுமையாகக் கேட்டாள். ஹரிதாஸ், "தூங்குற நேரத்துலயும் கூப்புடுவீங்களா?" என்று விசாரித்துவிட்டுத் தானாகவே கழன்றுகொண்டான். "அந்த லோரிக்கப்புறம் ஒங்களுக்குத் தூக்கம் வருதாண்ணே?" என்று நாதிரா மாடசாமியையும் விடவில்லை; மனுஷர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார், பேசினார், மத்தியானச் சாப்பாடு ஆறும்வரை பேசினார். வெளியே வந்து, இனி ஆளெடுக்க உட்காரமாட்டேன் என்றார். பூவிழி குழுவில் சேர்ந்தாள்.

சபாஷ் என்கிறீர்களா? அவள் தேறுவாள் என்று முதலிலேயே தெரியும் என்கிறீர்களா? எப்படி ஐயா தெரியும்? அவளை ஒரு கேள்வி கேட்டீர்களா? பூவிழிக்குப் பெரிய கண்களையும் மாடசாமிக்குக் கட்டை மீசையையும் நீங்களாகவே ஒட்டிக்கொண்டீர்கள்; நான் இரண்டையும் சொல்லவே இல்லை. அடுத்த ஆளெடுப்புக்கு அவசியம் வாருங்கள். மாடசாமியின் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.