ராஜ அறையில் உன் அக்கா

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. கப்பல் நலம், கடல் நலம், நானும் நலம். உன் அக்காவும் நலமாகத்தான் இருக்க வேண்டும். என்னோடு பேசுவதில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இந்தக் கப்பலில் நீ ஆசையாக எடுத்துக் கொடுத்த அறை மகா ஜோர். அதுதான் வினையாகப் போயிற்று. வேலை பார்த்த காலமெல்லாம் காட்சிக்கு வைத்த ஒரு மாளிகையின் ராஜ அறையைக் காத்து, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டியவன் நான். அங்கே கட்டிலைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், தொடக் கூடாது. யாராவது கையை நீட்டினால் கனைப்பேன். இங்கேயும் அதே மாதிரி கட்டில், அதே மாதிரி வெல்வெட் திரை. உன் அக்கா உட்காரப் போனாள், என்னையறியாமல் கனைத்துவிட்டேன். "விரிப்பு கசங்கிடும், கீழ படுத்துக்கலாமே" என்றேன். "தரையில படுக்க நம்ம வீட்டுல இடமில்லையா?" என்று ஒரு கத்து கத்திவிட்டு, ஏறிக் காலை நீட்டித் தூங்கியே போனாள்.

காற்று வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்தேன் பார், அங்கேதான் சனி பிடித்தது. பக்கத்து அறை அம்மாள் எட்டிப் பார்த்து, "அடேயப்பா, எவ்வளவு பெரிய ரூம்!" என்றார். வாசலில் ஒருவர் வாயைப் பிளந்தால் என் வாய் சும்மா இருக்குமா? குளியல் அங்கியின் நாடாவை உருவிக் கட்டிலுக்குக் குறுக்கே கட்டினேன், "சத்தம் போடாம வாங்க" என்று ஆரம்பித்தேன், கூட்டம் சேரச் சேர எனக்குச் சுருதி ஏறி, திரை, விளக்கு, நாற்காலி எல்லாம் முடித்து, "இதோ, மகாராணி!" என்று சொல்லித் தொலைத்தேன். "பொம்மையை நிஜ ஆள் மாதிரியே செஞ்சிருக்காங்களே" என்று ஒருவர் வியந்தார். "குறட்டைகூட விடுதே!" என்றார் இன்னொருவர். உன் அக்கா கண்ணைத் திறந்தாள்.

அன்றோடு பேச்சு நின்றது. அவள் பேசாத அறை எவ்வளவு பெரிதாக இருந்து என்ன? அழுகை வருகிறது மச்சான். போன் போட்டுச் சமாதானம் சொல். இனி கதவைத் திறக்க மாட்டேன், அவள் கட்டிலில் ஏறிக் குதித்தாலும் கனைக்க மாட்டேன், சத்தியம்.

நீயும் குழந்தைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும்.

உன் அத்தான்

பி.கு.: போன் போடாதே. அன்று பார்த்தவர்கள் இன்னும் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, மகாராணியைப் பார்க்க வேண்டும் என்று வாசலில் நிற்கிறார்கள். விரட்டப் போனேன். அதற்குள் உன் அக்கா நல்ல புடவையாக உடுத்தி, தலையணையில் சாய்ந்துகொண்டு, வாயைத் திறந்தாள்: "நாடாவை இறுக்கிக் கட்டிட்டுக் கதவைத் திறங்க. ராஜா எங்கேன்னு யாராவது கேட்டா, போருக்குப் போனவர் திரும்பலைன்னு சொல்லிடுங்க."