மேஹ்ரா சாரின் சைபீரியக் குருவி

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. டெல்லி கோல் மார்க்கெட் போட்டோ கடையில கழுவக் கொடுத்த ரோலை வாங்கிட்டு வீட்டுக்கு வரணும். அதோட நிறுத்தியிருந்தா இதை எழுதவே வேண்டியதில்லை.

அதுக்கு முந்தின வாரம் மச்சினனோட கேமராவை இரவல் வாங்கி, அவனையும் மனைவி கமலாவையும் கூட்டிக்கிட்டு யமுனைக் கரைக்குப் போயிருந்தேன். தூரத்து நாணல்ல துளியூண்டு பறவை ஒண்ணு வந்து உட்கார்ந்தது. நான் படம் எடுத்தேன். எனக்கும் அதுக்கும் நடுவில தாராளமா ஒரு கிரிக்கெட் மேட்ச் நடத்தியிருக்கலாம்.

பிரிண்ட்ல வானம் இருந்தது, நாணல் இருந்தது. வலது பக்கம் மேலே ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளிக்கு மெல்லிசா ஒரு வால்.

அந்த வாலைப் பார்த்ததும் எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு.

எங்க செக்‌ஷன் ஆபீசர் மேஹ்ரா சார் பறவைப் பைத்தியம். ஒரு ஃபைல்ல கையெழுத்துப் போட நாலு நாள் எடுத்துப்பார். ஜன்னல்ல மைனா வந்தா நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்திருப்பார். பறவை பேர் தெரியாதவனை மனுஷனாவே மதிக்கமாட்டார். நான் எட்டு வருஷமா மதிக்கப்படாதவன். எங்களைப் பத்தி வருஷா வருஷம் ரகசிய ரிப்போர்ட் எழுதறவரும் அவர்தான்.

மறுநாள் படத்தை அவர் மேஜையில வச்சேன். என்ன பறவைன்னு கேட்டார். தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். ஆனா லைப்ரரி புத்தகம் ஒண்ணை அரைமணி நேரம் புரட்டின மேதாவி ஆச்சே நான்! சைபீரியாவிலேர்ந்து வர்ற கதிர்க்குருவி மாதிரி இருக்கு, டெல்லியில அபூர்வமாம்னு அளந்துவிட்டேன்.

பூதக்கண்ணாடி வச்சுப் பத்து நிமிஷம் பார்த்தார். அவருக்கும் ஒரு மண்ணும் புரியலைங்கிறது முகத்துலயே தெரிஞ்சது. ஆனா கீழே வேலை பார்க்கிற மதராசி கண்டுபிடிச்சது தனக்குத் தெரியலைன்னு எப்படி ஒத்துப்பார்?

"அச்சா. வாலைப் பாருங்க கோபாலன். அதேதான், சந்தேகமே இல்லை."

அப்புறம் மூணு ஞாயித்துக்கிழமை, ஜனவரிக் குளிர்ல, பைனாகுலரோட நானும் அவரும் அந்தக் கரையில நின்னோம். பனிமூட்டத்துல ஆறே தெரியலை. குருவியாவது தெரியறதாவது. ஆனாலும் தன்னோட பறவை சிநேகிதர்கள் கூட்டத்துல அந்தப் படத்தை வச்சு ஒரு சொற்பொழிவே நடத்திட்டுத்தான் என்கிட்ட திருப்பிக் கொடுத்தார். எனக்கு தினம் அவர் ரூம்லயே டீ வர ஆரம்பிச்சது. நானும் வெட்கமில்லாம குடிச்சேன்.

ஒருநாள் சாயங்காலம் கமலா போட்டோ எல்லாத்தையும் ஆல்பத்துல ஒட்ட எடுத்தா.

"ஏங்க, இந்தக் குருவி என் மூக்கு மேலயும் உட்கார்ந்திருக்கே?"

வாங்கிப் பார்த்தேன். அவ மூக்கு மேல இருந்தது. இன்னொரு படத்துல மச்சினன் நெத்தியில இருந்தது. பன்னிரண்டு படத்துலயும், அதே இடத்துல, அதே வாலோட. கேமராவுக்குள்ள தூசி. வால்னு நாங்க கொண்டாடினது ஒரு முடி. நிஜப் பறவை நான் படம் எடுக்கறதுக்கு முன்னாடியே பறந்துபோயிருக்கணும்.

மறுநாள் பன்னிரண்டு படத்தையும் மேஹ்ரா சார்கிட்ட கொண்டுபோனேன். ஒவ்வொண்ணா பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இதை வேற யார் பார்த்தாங்க?"

"என் மனைவி மட்டும்தான் சார்."

"அவங்களுக்குப் பறவைங்க பத்தித் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்ப சரி."

நாணல் படத்தை எடுத்து டிராயர்ல வச்சுப் பூட்டினார். மத்த பதினொண்ணையும் என்கிட்ட தள்ளினார். டீ வரலை.

ரெண்டு வருஷம் கழிச்சு, டெல்லியில தென்பட்ட அபூர்வப் பறவைகள்னு அவர் ஒரு பட்டியல் போட்டார். எங்க சைபீரியக் குருவியும் அதுல இருந்தது. கண்டுபிடிச்சவர்ங்கிற இடத்துல மேஹ்ரா சார் பேர்.

டைப் அடிச்சது நான்தான்.